இரண்டாம் பேஸில் நின்றவர்

2025 டிசம்பரில் ஜெஃப் கென்ட்டை, அமெரிக்கப் பேஸ்பாலின் மிகச் சிறந்தவர்களுக்கான கௌரவப் பட்டியலான ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். 16 பேர் கொண்ட குழுவில் 14 பேர் அவர் பெயரை எழுதினார்கள். இரண்டாம் பேஸ் ஆட்டக்காரராக, அதாவது ஓட்டக்காரர்கள் தொட்டுச் செல்லும் இரண்டாவது இடத்தைக் காப்பவராக, அவர் அளவுக்கு ஹோம் ரன் (மைதான எல்லையைத் தாண்டும் அடி) அடித்தவர் அந்த ஆட்டத்தின் வரலாற்றிலேயே இல்லை. கிடைக்க வேண்டியது கிடைத்தது. அதில் எனக்கு மகிழ்ச்சிதான். என் ஆதங்கம் வேறு. அதே இரண்டாம் பேஸில் 19 சீசன் நின்ற லூ விட்டேக்கரின் பெயர், அந்தக் குழுவின் முன் வைக்கப்பட்ட எட்டுப் பெயர்களில்கூட இடம்பெறவில்லை. வாக்கெடுப்பில் தோற்றால் ஆறுதல் சொல்லலாம். பேச்சுக்கே எடுக்காமல் விட்டால் என்ன சொல்லி மனதைத் தேற்றுவது?

வடசென்னையில் இருந்துகொண்டு பேஸ்பாலைப் பற்றி இவ்வளவு கவலைப்பட ஒருத்தியா என்று சிலர் கேட்பார்கள். நான் பெண்கள் பள்ளியொன்றில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வீடு காலடிப்பேட்டையில். எங்கள் பள்ளியில் கோகோவும் எறிபந்தும் ஏற்கெனவே இருந்தன. சாப்ட்பாலை நான் கொண்டுவந்தேன். சாப்ட்பாலைச் சொல்லிக்கொடுக்க வேண்டுமென்றால் அதன் மூத்த சகோதரனான பேஸ்பாலைப் பார்த்தே ஆக வேண்டும். அப்படித் தொற்றிய பழக்கம் ஓய்வுக்குப் பிறகும் விடவில்லை. டெட்ராய்ட்டில் மாலை ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம், அவர்களுடைய கோடைக்காலத்தில் நமக்கு விடியற்காலை நாலரை மணி. பால் பாக்கெட் வருவதற்குள் இரண்டு மூன்று இன்னிங்ஸ் முடிந்திருக்கும். வீட்டில் எல்லோரும் தூங்கும் நேரம், எனக்கு வசதி.

விட்டேக்கர் கதைக்கு வருகிறேன். 1977 செப்டம்பர் 9 அன்று டெட்ராய்ட் டைகர்ஸ் அணியில் இரண்டு இளைஞர்கள் ஒரே ஆட்டத்தில் அறிமுகமானார்கள். விட்டேக்கர் இரண்டாம் பேஸ். ஆலன் டிராமெல் அவருக்குப் பக்கத்திலேயே ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவே நிற்பவர். 1995 வரை அந்த இருவரும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். 1984இல் அமெரிக்கப் பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை வென்ற அணியின் நடு முதுகெலும்பு அவர்கள்தான். பந்தை அடித்துவிட்டுப் பத்திரமாகப் பேஸைச் சேர்வதுதான் ஹிட். விட்டேக்கர் அடித்த ஹிட் 2369. டிராமெல் அடித்தது 2365. நான்கே நான்கு வித்தியாசம். ஹோம் ரன் விட்டேக்கருக்கு 244, டிராமெலுக்கு 185. தடுப்பாட்டத்துக்குத் தரும் கோல்டு கிளவ் விருது விட்டேக்கருக்கு மூன்று, டிராமெலுக்கு நான்கு. 1984 உலகத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது டிராமெலுக்குக் கிடைத்தது. 1978இல் ஆண்டின் சிறந்த புதுமுகம் விருது விட்டேக்கருக்குக் கிடைத்தது. டிராமெல் 2018இல் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போனார். விட்டேக்கர் இன்றுவரை வெளியே நிற்கிறார்.

ஹால் ஆஃப் ஃபேமுக்கு முதலில் வாக்களிப்பவர்கள் பத்திரிகை எழுத்தாளர்கள். அவர்கள் விட்டேக்கரைப் பற்றி வாக்களித்தது 2001இல். 15 பேர் மட்டும் அவர் பெயரை எழுதினார்கள், 2.9 சதவீதம். ஐந்து சதவீதம் கிடைக்காதவரின் பெயர் அடுத்த ஆண்டுப் பட்டியலில் வராது. ஒரே வாக்கெடுப்பு, கதை முடிந்தது. டிராமெலும் அந்தப் பட்டியலில் ஒருநாளும் பாதி வாக்கைத் தொட்டதில்லை. ஆனால் ஐந்து சதவீதத்துக்கு மேல் இருந்ததால் 15 ஆண்டுகள் அவர் பெயர் ஜனவரிதோறும் அடிபட்டுக்கொண்டே இருந்தது. பேசப் பேச அவருடைய ஆட்டத்தை மறுபடி எடைபோட்டார்கள். கடைசியில் முன்னாள் ஆட்டக்காரர்கள் அடங்கிய சிறு குழு அவரைத் தேர்ந்தெடுத்தது. விட்டேக்கரைப் பற்றி அப்படி ஆண்டுதோறும் பேச மேடை இல்லாமல் போயிற்று. 2019 டிசம்பரில் அப்படியொரு குழுவின் முன் அவர் பெயர் வந்தபோது 16இல் ஆறு வாக்குதான் கிடைத்தது.

ஷார்ட்ஸ்டாப்தான் கடினமான இடம், இரண்டாம் பேஸ் கொஞ்சம் இலகுவானது என்ற எண்ணமும் இதில் வேலை செய்திருக்கிறது. மைதானத்தில் பிள்ளைகளை நிறுத்திச் சொல்லிக்கொடுத்தவள் என்ற உரிமையில் இதை மறுக்கிறேன்.

முதல் பேஸில் எதிரணியின் ஓட்டக்காரர் நிற்கிறார். பந்து ஷார்ட்ஸ்டாப் பக்கம் தரையோடு வருகிறது. அவர் எடுத்து இரண்டாம் பேஸுக்கு எறிகிறார். இரண்டாம் பேஸ்காரர் ஓடிவந்து பேஸை மிதித்தபடி அந்தப் பந்தை வாங்க வேண்டும். வாங்கும்போது அவருடைய முகம் ஷார்ட்ஸ்டாப்பைப் பார்த்து இருக்கும். ஓட்டக்காரரோ அவருடைய இடது பக்கமிருந்து, பார்வைக்கு வெளியிலிருந்து, முழு வேகத்தில் சறுக்கிக்கொண்டு வருவார். விட்டேக்கர் ஆடிய காலத்தில் அந்தச் சறுக்கல் காலை வாருவதற்காகவே வரும். ஷூவின் அடியில் இரும்பு முட்கள். அந்த நிலையில் பந்தை வாங்கி, உடம்பைத் திருப்பி, துள்ளி எழும்பி, காற்றில் இருந்தபடியே முதல் பேஸுக்கு எறிய வேண்டும். கண் சிமிட்டும் நேரத்துக்குள் இவ்வளவும். ஒரே பந்தில் இரண்டு பேரை அவுட்டாக்கும் இந்த டபுள் பிளே எதிர்ப்பக்கமிருந்து நடந்தால், ஷார்ட்ஸ்டாப்புக்கு ஓட்டக்காரர் கண்ணெதிரே தெரிவார். அவருக்கு அந்த வசதியாவது உண்டு.

பள்ளி மைதானத்தில் பழைய கோணிப்பையை நான்காக மடித்து பேஸாகப் போட்டு இந்தத் திருப்பத்தைப் பழக்குவேன். ஓடிவரும் பெண்ணின் காலடிச் சத்தம் கேட்டதுமே, பந்து வாங்க வேண்டியவள் கண்ணை மூடிவிடுவாள். யாரைக் குறை சொல்ல? அடி விழப்போகிறது என்று தெரிந்தால் உடம்பு தானாகச் சுருங்கும். காசிமேட்டிலிருந்து வந்த ஒரு பெண் மட்டும் கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள். வலது காலைப் பேஸில் ஊன்றி, இடது காலை எறியும் திசைக்கு எட்டிவைத்து, இடுப்பு முதலில் திரும்ப, தோள் பிறகு திரும்ப, அவசரமே தெரியாமல் எறிவாள். விட்டேக்கரின் பழைய ஒளிப்பதிவுகளில் அதே அவசரமின்மையைக் காண்கிறேன். அவசரம் தெரியாததாலேயே அவர் பாடுபடவில்லை என்று சிலர் நினைத்துவிட்டார்கள். அவர் பேட்டி கொடுத்துப் பெயர் வாங்குகிற ஆளும் இல்லை. அமைதியாக வேலை பார்ப்பவருக்கு எந்த ஊரிலும் இந்தக் கஷ்டம் உண்டு.

ஹால் ஆஃப் ஃபேம் இருப்பது நியூயார்க் மாநிலத்தில் கூப்பர்ஸ்டவுன் என்ற சிற்றூரில். 1936இல் பேப் ரூத், டை காப் உள்ளிட்ட ஐந்து பேரை முதல் அணியாகத் தேர்ந்தெடுத்தார்கள். கட்டடம் திறந்தது 1939இல். பத்து சீசனாவது ஆடி, ஓய்வு பெற்று ஐந்து ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும். பத்து ஆண்டு அனுபவமுள்ள பேஸ்பால் எழுத்தாளர்கள் வாக்களிக்கிறார்கள். ஒருவர் அதிகபட்சம் பத்துப் பெயர் எழுதலாம். நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். முன்பு 15 ஆண்டுகள் பட்டியலில் இருக்கலாம். 2014இல் அதைப் பத்தாகக் குறைத்தார்கள். எழுத்தாளர்களிடம் தவறியவர்களைத்தான் 16 பேர் குழு பிறகு பார்க்கிறது. அங்கே 12 வாக்கு வேண்டும். இப்போதைய விதிப்படி ஒவ்வொருவரும் மூன்று பெயர்தான் எழுத முடியும். கூட்டிப் பாருங்கள்: மொத்தம் 48 வாக்கு. எட்டுப் பேருக்கும் தகுதி இருந்தாலும் நான்கு பேருக்கு மேல் தேறவே முடியாது. தகுதியை அளக்கும் இடத்தில் இப்படி ஓர் எண்ணிக்கைக் கட்டுப்பாடு எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

இப்படிப்பட்ட கட்டுப்பாடு என்ன செய்யும் என்பதற்கு யோஹான் சான்டானாவைப் பார்க்கலாம். 2004இலும் 2006இலும் சிறந்த பிட்ச்சருக்கான, அதாவது பந்து எறிபவருக்கான, சை யங் விருது வாங்கியவர். அந்தச் சில ஆண்டுகளில் அவரை எதிர்கொள்ளவே பேட்டர்கள் அஞ்சினார்கள். தோள்பட்டைக் காயத்தால், பிட்ச்சர் பெயரில் எழுதப்படும் வெற்றிக் கணக்கில் 139ஓடு நின்றுபோனார். 2018இல் அவர் பெயர் பட்டியலுக்கு வந்தது. அந்த ஆண்டு பட்டியலில் நெரிசல்; நான்கு பேர் தேர்வானார்கள், இன்னும் பலர் வாசலில் காத்திருந்தார்கள். பத்துப் பெயருக்கு மேல் எழுத வழியில்லை. சான்டானாவுக்குக் கிடைத்தது 2.4 சதவீதம். அத்தோடு வெளியே. ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸும் அதேபோல உச்சத்தில் ஒளிர்ந்து சீக்கிரம் தேய்ந்த பிட்ச்சர். ஒரு சை யங் விருது, 169 வெற்றி. 2025இல் நெரிசல் குறைந்த பட்டியலில் அவர் முதன்முதலாக நின்றபோது 20.6 சதவீதம் வாங்கிப் பட்டியலில் நிலைத்தார். ஹெர்னாண்டஸுக்குக் கிடைத்ததை நான் குறை சொல்லவில்லை, கிடைக்கட்டும். ஆனால் இருவருடைய ஆட்டத்துக்கும் நடுவே அவ்வளவு தூரம் கிடையாது. எந்த ஆண்டு ஓய்வு பெற்றார்கள் என்பதுதான் வித்தியாசம்.

நீண்ட காலம் ஆடியவரா, சில காலம் உச்சத்தில் நின்றவரா, யாருக்கு முதலிடம் என்ற சண்டை அங்கே ஓயாது. என் கட்சி உச்சத்தில் நின்றவர் கட்சி. சாண்டி கோஃபாக்ஸ் முழங்கை மூட்டுவாதத்தால் 30 வயதில் ஓய்வு பெற்றார், வெற்றி 165தான். 1972இல், 36 வயதில், முதல் வாக்கெடுப்பிலேயே உள்ளே போனார். அப்போது எழுத்தாளர்களுக்கு அது புரிந்திருந்தது. எதிரணியில் இருந்தவர்கள் யாரைக் கண்டு பயந்தார்கள் என்று கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் கணக்குப் புத்தகம்.

இப்போது எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து. எங்கள் பகுதியில் சிறு விளையாட்டுச் சங்கம் ஒன்று இருக்கிறது. ஆண்டுதோறும் பொங்கல் போட்டிகளின் பரிசளிப்பு மேடையில் மூத்த ஆட்டக்காரர் ஒருவருக்குச் சால்வை போர்த்தி, கேடயமும் பணமுடிப்பும் கொடுப்போம். யாருக்கு என்று முடிவு செய்யும் குழுவில் நானும் இருக்கிறேன். இந்த ஆண்டு இரண்டு பெயர்கள். ஒருவர் கால்பந்துக் கோல்கீப்பர், ஐம்பது வயதைத் தாண்டியவர். மாவட்ட அணிக்கு ஆடிய சான்றிதழ்கள் கோப்பில் ஒழுங்காக இருக்கின்றன. இன்னொருவர் கேரம் ஆட்டக்காரர். எழுபத்தைந்தைத் தாண்டியவர். துறைமுகத்தில் சுமை தூக்கியவர். என் மூத்த அண்ணனின் தோழர் என்பதால் நானும் அண்ணன் என்றே கூப்பிடுவேன்.

கேரமைப் பற்றி வடசென்னையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இருமுறை உலகப் பட்டம் வென்று அர்ஜுனா விருதும் பெற்ற மரிய இருதயம் நம் சென்னைக்காரர். 2008இல் உலகப் பட்டம் வென்ற இளவழகி வியாசர்பாடியில் வளர்ந்தவர். 2024இல் அமெரிக்காவில் மூன்று தங்கம் வென்ற காசிமா புது வண்ணாரப்பேட்டைப் பெண். இவர்கள் வருவதற்கு முன்பே, தகரக் கூரைக்குக் கீழே, போர்டுக்கு நேர்மேலே தாழத் தொங்கும் ஒற்றைக் குண்டு பல்பு வெளிச்சத்தில் ஆடி ஆடி இந்த ஆட்டத்தை இங்கே உயிரோடு வைத்திருந்தவர்களில் இந்த அண்ணனும் ஒருவர். கட்டை விரலால் ஆடுவார். நடு விரலும் ஆள்காட்டி விரலும்தான் வழக்கம். கட்டை விரல் அடியை, தனக்குப் பின்னால் இருக்கும் காயினை எடுக்கப் பெரும்பாலானவர்கள் வைத்துக்கொள்வார்கள். இவருக்கு அதுவே பிரதான ஆயுதம்.

போன மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். போர்டை எடுத்துவைத்து போரிக் பவுடர் தூவினார். இரண்டு கண்ணிலும் அறுவை சிகிச்சை முடிந்திருக்கிறது. கை நடுங்குகிறது. ஆனால் மணிக்கட்டைச் சட்டத்தில் ஊன்றி, மற்ற நான்கு விரல்களையும் போர்டில் விசிறிபோல் பதித்ததும் நடுக்கம் நின்றுவிட்டது. கட்டை விரலின் நகக்கண்ணுக்குக் கீழே தோல் தடித்து, மஞ்சள் பூத்துக் கல்லாகிக் கிடக்கிறது. அந்த இடம்தான் ஸ்டிரைக்கரைத் தொடும். மெதுவாகத்தான் தட்டினார். ஸ்டிரைக்கர் சிவப்பைக் கீறிவிட்டு எதிர்ச் சட்டத்தில் மோதித் திரும்பி, பாக்கெட் வாயில் நின்றிருந்த வெள்ளையை உள்ளே தள்ளியது. சிவப்பு முதலில், ஃபாலோ அதன் பின்னால், ஒரே அடியில். "இதெல்லாம் இப்போது விளையாட்டுக்குத்தான் தங்கச்சி" என்று சொல்லிவிட்டு, போர்டைத் துடைக்கத் துணி தேடினார்.

குழுவில் வங்கியில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டார்: "மிஸ், அண்ணன் பெரிய ஆட்டக்காரர்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மாநிலப் பட்டம் ஒன்றுகூட இல்லையே? எதை வைத்து நாம் மற்றவர்களுக்குப் பதில் சொல்வது?" நியாயமான கேள்வி. பட்டம் ஏன் இல்லை என்றால், மாநிலப் போட்டி நடந்த நாட்களில் அவர் துறைமுகத்தில் இருந்தார். நான்கு நாள் போட்டிக்குப் போனால் நான்கு நாள் கூலி கிடையாது. வீட்டில் ஐந்து வயிறு. பட்டம் வென்று வந்தவர்கள் பலர் இங்கே வந்து இவரிடம் தோற்றிருக்கிறார்கள். ஆனால் இங்கே நடந்ததை யார் எழுதிவைத்தார்கள்?

இந்த இடத்தில்தான் பேஸ்பாலிடமிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது. 1947 ஏப்ரலில் ஜாக்கி ராபின்சன் களமிறங்கும் வரை கறுப்பின ஆட்டக்காரர்களை, அமெரிக்கப் பேஸ்பாலின் உச்சமான பெரிய லீக்கின் அணிகள் பல பத்தாண்டுகளாகச் சேர்க்கவே இல்லை. அவர்கள் தங்களுக்கென்று தனி லீக்குகளில் ஆடினார்கள். அந்த லீக்குகளின் மாபெரும் பேட்டர் ஜோஷ் கிப்சன், ராபின்சன் ஆடுவதற்குச் சில மாதங்கள் முன்பு, 1947 ஜனவரியில், 35 வயதில் இறந்துபோனார். அந்த ஆட்டங்களின் கணக்குகள் சிதறிக் கிடந்தன. ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து, கறுப்பினப் பத்திரிகைகளின் பழைய இதழ்களைப் புரட்டி, ஆட்டம் ஆட்டமாகச் சேகரித்தார்கள். 2024 மே மாதம் அந்தக் கணக்குகள் பெரிய லீக்கின் அதிகாரபூர்வப் பதிவில் சேர்ந்தன. அப்போது கிப்சனின் .372 வாழ்நாள் பேட்டிங் சராசரியில் முதலிடத்துக்கு வந்தது. டை காப் இரண்டாமிடம். எங்கள் அண்ணன் நிலையையும் அந்த மனிதர்கள் பட்டதையும் நான் சமமாக வைக்கவில்லை. அங்கே நிறத்தைக் காட்டிக் கதவைச் சாத்தினார்கள். ஆனால் பதிவு இல்லாததால் திறமை இல்லை என்று ஆகிவிடாது என்பது இரண்டு இடத்துக்கும் பொது. பதிவு இல்லையென்றால் தேடுவது, தீர்ப்புச் சொல்பவர்களின் வேலை.

தேடினேன். எர்ணாவூரில் ஒரு பழைய கேரம் மன்றத்தின் பதிவேடு கிடைத்தது. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணெய் கலந்த தண்ணீர் அந்தப் பக்கம் வீடுகளுக்குள் புகுந்தது நினைவிருக்கும். பதிவேட்டின் கீழ்ப்பாதி கறுத்து, தாள்கள் ஒட்டிப்போய் இருந்தன. மேற்பாதியில் நீல மையில் பெயர்கள், போர்டு வாரியாகப் புள்ளிகள், வெள்ளை ஸ்லாம் அடித்த இடத்தில் சிவப்புப் பென்சிலால் வட்டம். முதல் வாய்ப்பிலேயே எதிராளிக்கு இடம் கொடுக்காமல் ஒன்பது வெள்ளையையும் சிவப்பையும் எடுத்து முடிப்பதுதான் வெள்ளை ஸ்லாம். பிரிக்க முடிந்த பக்கங்களில் அண்ணனின் பெயருக்கு எதிரே அந்தச் சிவப்பு வட்டம் திரும்பத் திரும்ப வருகிறது. மாநில அளவில் ஆடிய ஒருவரை 25க்கு 4 என்று வென்ற ஆட்டமும் அதில் இருக்கிறது. அந்தப் பக்கங்களைப் படமெடுத்து வங்கித் தம்பிக்கு அனுப்பினேன். "இது போதும் மிஸ்" என்று பதில் வந்தது.

தகுதி முடிவாகிவிட்டது. ஆனால் கோல்கீப்பருக்கும் தகுதி இருக்கிறதே? இருவரில் இந்த ஆண்டு யாருக்கு? "இளையவருக்குக் கொடுத்தால் அவருடைய பையன்களெல்லாம் திரண்டு வருவார்கள், கூட்டம் நிறையும்" என்றார் குழுவில் ஒருவர். இங்கே நான் அசையவில்லை. தகுதியை முடிவு செய்யும்போது வயதைப் பார்க்கக் கூடாது. தகுதி முடிவான பிறகு, வரிசையை முடிவு செய்யும்போது, வயதைத் தவிர வேறெதையும் பார்க்கக் கூடாது.

டேவ் பார்க்கருக்கு என்ன நடந்தது? 1978இன் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கியவர், இருமுறை பேட்டிங் சராசரியில் முதலிடம் பிடித்தவர், வலது மூலையிலிருந்து எறியும் அவருடைய கைக்கு ஓட்டக்காரர்கள் பயந்து நின்றுவிடுவார்கள். 1991இல் ஓய்வு பெற்றார். எழுத்தாளர்கள் பட்டியலில் 15 ஆண்டுகள் இருந்து வெளியேறினார். பார்க்கின்சன் நோய் வந்தது. 2024 டிசம்பரில் குழு அவரைத் தேர்ந்தெடுத்தது. 2025 ஜூன் 28 அன்று இறந்தார். ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கும் விழா ஜூலை 27. அவருக்குப் பதிலாக மகன் மேடையேறினார். அதே மேடையில் டிக் ஆலனுக்காக அவருடைய மனைவி ஏறினார். ஆலன் கதை இன்னும் கொடுமை. 2014இல் ஒரே ஒரு வாக்கில் தவறினார். அடுத்த கூட்டம் 2020 டிசம்பரில் நடக்க வேண்டியது. கொரோனா காரணமாக ஓராண்டு தள்ளிவைத்தார்கள். 2020 டிசம்பர் 7 அன்று அவர் இறந்தார். மறு ஆண்டு கூடியபோது மறுபடியும் ஒரே வாக்கில் தவறினார். 2024இல் 13 பேர் வாக்களித்தார்கள். இடைப்பட்ட காலத்தில் ஆலன் ஒரு ஹோம் ரன்கூடக் கூடுதலாக அடித்துவிடவில்லை. 2024இல் இருந்த தகுதி அத்தனையும் 2014இலும் இருந்தது.

பக் ஓ'நீலை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கும். கறுப்பினத்தவர் லீக்கில் ஆடியவர், பயிற்றுவித்தவர், அந்த லீக்கின் கதையை நாடு முழுக்கச் சொல்லித் திரிந்தவர். 2006இல் அந்த லீக்குகளுடன் தொடர்புடைய 17 பேரை ஒரே நேரத்தில் தேர்ந்தெடுத்தார்கள். 17 பேருமே காலமானவர்கள். உயிரோடிருந்த ஓ'நீல் தேர்வாகவில்லை. அந்த 17 பேர் சார்பில் விழாவில் பேச ஆள் வேண்டியிருந்தது. 94 வயது ஓ'நீல் கூப்பர்ஸ்டவுன் போய்ப் பேசினார், கூட்டத்தைப் பாடவும் வைத்தார். அக்டோபரில் இறந்தார். அவரைத் தேர்ந்தெடுத்தது 2021 டிசம்பரில்.

பெயர் நிலைக்கப்போகிறது, எப்போது கிடைத்தால் என்ன என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது ஏற்புடையதில்லை. சால்வை தோளில் விழும்போது எதிரே உட்கார்ந்திருக்கும் பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கும் உரிமை ஆடியவருக்கு உண்டு.

இரக்கத்தில் தகுதியை இளக்கிவிடுவதையும் நான் ஏற்கவில்லை. ஹெரால்டு பெயின்ஸ் 2866 ஹிட் அடித்த நல்ல பேட்டர். எழுத்தாளர்கள் பட்டியலில் பத்து சதவீதத்தைக்கூட அவர் தொட்டதில்லை. 2018 டிசம்பரில் குழு அவரைத் தேர்ந்தெடுத்தபோது, அந்த 16 பேரில் அவருடைய முன்னாள் மேலாளரும் அவர் ஆடிய அணியின் உரிமையாளரும் இருந்தார்கள். பெயின்ஸ் மேல் எனக்குக் குறையில்லை, கொடுத்த கௌரவத்தை அவர் ஏன் மறுக்க வேண்டும்? ஆனால் வேண்டியவர்கள் உட்கார்ந்து வாக்களித்தால் சந்தேகம் வரத்தான் செய்யும். எங்கள் குழுவில் இதற்கென்று ஒரு விதி கொண்டுவந்தோம்: பெயர் வந்தவரின் உறவினரோ கூட ஆடியவரோ, அந்தப் பெயரைப் பேசும்போது அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும். அண்ணன் பெயர் வந்தபோது நானும் பதிவேட்டுப் படங்களைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். உறவு இல்லையென்றாலும் வீட்டுப் பழக்கம் இருக்கிறதே.

இப்போதைய மூத்தவர்களில் யாருக்குத் தகுதி என்று பழைய மாணவிகள் சிலர் கேட்டிருந்தீர்கள். கிளேட்டன் கெர்ஷா 2025ஓடு ஓய்வு பெற்றார், மூன்று சை யங், பேட்டரை மூன்று ஸ்டிரைக்கில் வெளியேற்றும் ஸ்டிரைக் அவுட் 3000க்கு மேல், பேச ஒன்றுமில்லை. 1983இல் பிறந்த ஜஸ்டின் வெர்லாண்டருக்கு 2025 சீசன் முடிய 266 வெற்றி, அங்கேயும் பேச்சில்லை. ஜோயி வோட்டோவுக்கு ஹிட் 2135தான் என்று குறை சொல்வார்கள். பேஸுக்குப் போய்ச் சேரும் விகிதத்தில் ஏழு சீசன் தன் லீக்கில் முதலிடம் பிடித்தவர் அவர். நல்ல பந்து வரும்வரை பொறுத்திருக்கத் தெரிந்த பேட்டரை நான் விடமாட்டேன். யாடியர் மொலினா 2028இல் பட்டியலுக்கு வருகிறார். பேட்டிங் சாதாரணம்தான், கணக்குப் பார்ப்பவர்கள் தயங்குவார்கள். 19 சீசன் குந்தி உட்கார்ந்து பந்து பிடித்தவர், ஒன்பது கோல்டு கிளவ், பந்து எறியப்படும் நேரத்தில் அடுத்த பேஸுக்கு ஓடிவிடும் பேஸ் திருட்டையே எதிரணி கைவிட வைத்தவர். என் வாக்கு அவருக்கு உண்டு. ஊக்க மருந்து வழக்குகளில் பெயர் அடிபட்டவர்களுக்கு என் வாக்கு இல்லை. பதினான்கு வயதுப் பெண்களிடம் நேர்மையாக ஆடச் சொல்லிவிட்டு இங்கே வேறு பேச என்னால் முடியாது.

விட்டேக்கர் விஷயத்தில் இனி எப்போது என்றால், 1980க்குப் பிந்தைய ஆட்டக்காரர்களுக்கான குழு மறுபடி கூடுவது 2028 டிசம்பரில். அப்போது அவருக்கு 71 வயது. டெட்ராய்ட் அணி அவருடைய முதலாம் எண் சட்டையை 2022இல் இனி வேறு யாருக்கும் தராமல் நிரந்தரமாக ஓய்வுபெற வைத்துவிட்டது. டிராமெலின் மூன்றாம் எண்ணுக்கு அந்த மரியாதை 2018லேயே நடந்துவிட்டது. எட்டுப் பெயர்ப் பட்டியலைத் தயாரிப்பவர்கள் இந்த முறை அவர் பெயரை எழுதட்டும். மீதியை அந்த 16 பேர் பார்த்துக்கொள்வார்கள்.

எங்கள் பக்கம் முடிவாகிவிட்டது. இந்தப் பொங்கலுக்குக் கேரம் அண்ணன், அடுத்த ஆண்டுக்குக் கோல்கீப்பர். கோல்கீப்பரே அண்ணனுக்குச் சால்வை போர்த்துவதாகச் சொல்லியிருக்கிறார். படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. காசிமேடு, ராயபுரம், கொருக்குப்பேட்டை, புளியந்தோப்பு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் நடந்த கேரம், கால்பந்து, குத்துச்சண்டைப் போட்டிகளின் பழைய நோட்டீஸ், பதிவேடு, கோப்பையோடு எடுத்த படம் எது உங்கள் வீட்டுப் பரணில் இருந்தாலும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கைபேசியில் படமெடுத்துக் கீழே கருத்துப் பகுதியில் சொல்லுங்கள். படத்தின் பின்பக்கம் தேதியோ பெயரோ எழுதியிருந்தால் அதையும் சேர்த்து எடுங்கள். நனைந்து ஒட்டிப்போன தாளாக இருந்தால் பிரிக்க முயலாமல் அப்படியே வையுங்கள். நான் வந்து பார்க்கிறேன்.